ஜொகூர்: கலப்புக் குடும்பங்கள்

மலாய்த் தீபகற்பத்தின் தென்கோடி இராஜ்யமாகிய ஜொகூரில் பல இனத்தார் மணவுறவால் கலந்த சரித்திரத்தை ஆராயப் புகுவோர், துறைமுகத் தெருக்களுக்கும் தோட்ட லயங்களுக்கும் செல்லுமுன் அரண்மனையிலிருந்தே தொடங்குதல் தகும். 1862 முதல் 1895 வரை ஆண்ட அபு பாக்காரின் பத்தினியருள் ஒருவரான செசிலியா, பாலித் தீவில் வாணிபம் நடத்திய டென்மார்க் நாட்டவரான மாட்ஸ் லாங்கேக்கும் ஒரு சீனப் பெண்மணிக்கும் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி சுபைதா என்னும் நாமம் பூண்டவர். அவர் வயிற்றில் 1873-இல் உதித்த இப்ராகிமே தந்தைக்குப் பின் அரியணையேறி 1959 வரை ஆண்டார். அபு பாக்காரின் மற்றொரு பத்தினியான சுல்தானா பாத்திமா, வோங் சியூ குவான் என்னும் பூர்வப் பெயருடைய சீனர். இப்ராகிமோ 1930-இல் ஸ்காட்லாந்துப் பெண்மணியையும், அவரிடமிருந்து மணவிலக்குப் பெற்றபின் 1940-இல் ருமேனியப் பெண்மணியையும் விவாகம் செய்துகொண்டார். 2024-இல் மலேசியாவின் மாமன்னராகப் பதவியேற்ற இன்றைய சுல்தானின் அன்னையாரும் ஆங்கிலேயரே.

எனினும் இவர்கள் எல்லோரினும் வியப்புக்குரியவர், துருக்கியிலிருந்து ஜொகூருக்கு வந்த சர்க்கேசியப் பெண்மணியான ருக்கையா ஹானும் என்பதே எமது கருத்து. அரச குடும்பத்து அப்துல் மஜீத், அரபு வம்சத்து அல்-அத்தாஸ், ஜொகூரின் முதல் மந்திரி பெசாரான (முதலமைச்சரான) ஜாபர் என மூவரை ஒருவர்பின் ஒருவராக மணந்த அவரது சந்ததியில், 1946-இல் அம்னோ கட்சியைத் தோற்றுவித்த ஓன் ஜாபரும், நாட்டின் மூன்றாம் பிரதமரான ஹுசேன் ஓனும், பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸும், சோம்பேறிச் சுதேசி என்ற காலனியக் கற்பிதத்தை 1977-இல் நூலெழுதித் தகர்த்த சையது ஹுசேன் அலாத்தாஸும் தோன்றினர்.

தமிழ்த் தொடர்பும் அரசவையை எட்டாமலில்லை. மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவின் முப்பாட்டனார் யேமன் நாட்டு அரபியர், நாகூரில் மணம்புரிந்தவர். அவ்வழியில் மலாக்காவில் பிறந்து தமிழும் கற்ற அப்துல்லாவின் புதல்வர் இப்ராகிம் முன்ஷி, அபு பாக்காரின் அவையில் டத்தோ பெந்தாரா டாலாம் என்னும் பதவி வகித்தார். ஜாவி பெரானாக்கான் எனப்படும் இத்தகைய இந்திய முஸ்லிம்-மலாய்க் கலப்புக் குடும்பங்கள், இஸ்லாமும் மலாய் மொழியும் மலாய் வழக்கமும் உடையவரை மலாய்க்காரரென வரையறுத்த 1957-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின்கீழ்ப் பெரும்பாலும் மலாய்ச் சமுதாயத்தில் கரைந்துவிட்டன.

தமிழ்-சீனக் கலப்பின் கதி வேறு. சிண்டியன் எனப்படும் இக்கலப்பு மணப் பிள்ளைகள், அரச குலத்தாரைப்போல் தாய்வழிப் பெருமையைச் சரித்திரத்தில் ஏற்றும் வாய்ப்பற்றவராய், பதிவேட்டில் பெரும்பாலும் தந்தையின் இனமாகவே எழுதப்படுகின்றனர். வறுமையினாலும் ஜாதக நம்பிக்கையினாலும் சீனப் பெற்றோர் ஈந்துவிட்ட பெண்மகவுகளைத் தமிழர் எடுத்து வளர்த்த வழக்கமோ தொடக்கத்தில் இரத்தக் கலப்பே இல்லாதது. அப்பெண்கள் தமிழே பேசி, தமிழரையே மணந்து, தமிழ்ப் பாட்டிமாராயினர்.