இரும்பைக் கறுப்பாக்கிய கொப்பரை

பட்டைச் சாற்றில் தோல் பதனிடுகிறவனுக்கு இரும்பு பகை. ஆவாரம்பட்டைச் சாறு ஊறிய தோலின் மேல் துருப்பிடித்த ஓர் ஆணி பட்டால் போதும், அந்த இடத்தில் நீலக் கறுப்பாகக் கறை விழுந்துவிடும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. வாணியம்பாடிப் பக்கம் தோல் வேதியியலிலேயே காலம் கழித்தவன் நான். சாறு இருக்கும் இடத்தில் இரும்பை அண்டவிடாதே என்பதுதான் அங்கே நான் கற்ற முதல் பாடம். அதனால், பொறி வைத்து விலங்கு பிடித்த வட அமெரிக்கப் பொறிக்காரர்களின் பழைய கையேடுகளைப் படிக்க உட்கார்ந்தபோது ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தியது. நாங்கள் அஞ்சி விலக்கியதை அவர்கள் ஆண்டுதோறும் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இலையுதிர்காலம் பிறந்ததும் மரப்பட்டையைப் பெரிய கொப்பரையில் போட்டு, இரும்புப் பொறிகளை அதில் முக்கிக் கொதிக்க வைத்திருக்கிறார்கள்.

மென்மயிர்த்தோல் வணிகத்தின் வரலாறு ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. 1670இல் ஹட்சன் பே கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது, ஐரோப்பியத் தொப்பிக்காக பீவர் என்ற விலங்கு ஆறு ஆறாக அழிந்தது, ராக்கி மலைவரை ஆட்கள் போனது எல்லாம் விரிவாகக் கிடைக்கும். கொப்பரைக்கு மட்டும் அந்தப் புத்தகங்களில் இடமில்லை. எனக்கோ அந்தத் தொழிலின் மூளையே கொப்பரையில்தான் இருந்ததாகத் தோன்றுகிறது.

முதலில் பருவத்தைச் சொல்ல வேண்டும். குளிர் இறங்கி மயிர் முழுதும் அடர்ந்த பிறகு உரித்த தோலின் உட்புறம் வெளுத்திருக்கும். அவசரப்பட்டு முன்னதாக உரித்தால் உட்புறம் நீலம் பாய்ந்திருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் மயிரின் நிறமி இன்னும் வேரிலேயே தங்கியிருப்பதுதான் காரணம். வியாபாரி தோலின் மயிர்ப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான், நீலம் தெரிந்தால் விலையைக் குறைப்பான். நரிக்கு நவம்பர் வாக்கில் தோல் முற்றும். மஸ்க்ராட் என்ற நீர்வாழ் எலிக்குக் குளிர்காலக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். ஆகவே செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் பொறிக்காரனுக்கு ஆயத்த மாதங்கள்.

பீவர் பிடித்த காலத்தில், பொறியைக் கொப்பரையில் கொதிக்க வைக்கும் இந்த ஆயத்தம் அவ்வளவாகத் தேவைப்பட்டிருக்காது என்பது என் கணிப்பு. பீவருக்கான பொறி தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும், இரும்பின் வாடை மேலே வராது. அந்தக் காலத்தில் கைத்திறனெல்லாம் வாசனை இரையில் இருந்தது. பீவரின் வால் பக்கத்துச் சுரப்பிப் பைகளிலிருந்து எடுக்கும் கஸ்தோரியம் அதற்கு மூலப்பொருள். அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ், பசிபிக் கரையோரக் கிளாட்சாப் கோட்டையில் தங்கியிருந்தபோது, 1806 ஜனவரி 7ஆம் தேதிக் குறிப்பில் அந்த இரையின் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். கஸ்தோரியத்தோடு சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை, கொஞ்சம் சாராயம். நம் பக்கத்துக் கடல்களைக் கடந்து போன சரக்கு, ஒரெகான் மழைக்காட்டில் பீவரை இழுக்கப் பயன்பட்டிருக்கிறது.

1830களில் பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியின் மவுசு குறைந்தது. ஆறுகளிலும் பீவர் அருகிப்போயிருந்தது. பொறிக்காரர்கள் கரையேறி நரி, ஓநாய், மிங்க் என்று போனார்கள். நரியின் மூக்கு முன்னால் பழைய சாமர்த்தியம் எடுபடவில்லை. புது இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கு, மனிதக் கையின் வியர்வை, துருவின் நெடி எல்லாம் அதற்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா பகுதியில் வாழ்ந்த சூவெல் நியூஹவுஸ் வருகிறார். 1806இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பட்டறையில் பொறி அடிக்கத் தொடங்கினார். தேய்ந்த கோடாரிகளின் எஃகை எடுத்து வில் செய்வார். தான் அடித்த பொறியை ஒரு பருவம் தானே வைத்துப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்துச் செவ்விந்தியர்களுக்கு விற்பார். 1848இல் ஜான் ஹம்ப்ரி நோய்ஸ் என்ற மத போதகர் அங்கே ஒனைடா சமூகத்தை நிறுவினார். சொத்தும் பொது, திருமண உறவும் பொது என்று வாழ்ந்த கூட்டம் அது. நியூஹவுஸ் அதில் சேர்ந்தார். அவருடைய பொறிதான் அந்தச் சமூகத்தின் பெரிய வருமானமாயிற்று. குழந்தைகள்கூட நாள்தோறும் கொஞ்ச நேரம் பொறிச் சங்கிலி கோத்தார்கள். எலி வகைகளுக்கான சின்னப் பொறியிலிருந்து கிரிஸ்லி கரடிக்கான 6ஆம் எண் வரை செய்தார்கள். அந்த 6ஆம் எண் பொறியின் எடை 42 பவுண்டு, நம் கணக்கில் 19 கிலோ. உறைபனியிலும் முறியாத வில் என்பதே நியூஹவுஸ் பொறிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1865இல் பொறிக்காரர்களுக்கான வழிகாட்டி நூல் ஒன்றும் அவர் பெயரில் வெளிவந்தது. பொறியை விற்றால் மட்டும் போதாது, வைக்கும் முறையையும் சொல்லித் தர வேண்டும் என்று அந்தச் சமூகம் உணர்ந்திருந்தது.

கொப்பரைக்கு வருகிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும் பொறியில் எண்ணெய் பூசியிருக்கும். முதலில் சாம்பல் நீரிலோ சலவைச் சோடாவிலோ கொதிக்கவிட்டு அந்த எண்ணெயை எடுக்க வேண்டும். அடுத்து பொறியை வெளியே மரக்கிளையில் தொங்கவிட வேண்டும். மழையும் பனியும் பட்டு மெல்லிய செந்துரு படரும். இதைத்தான் நான் மிக ரசிக்கிறேன். பளபளக்கும் வெற்று இரும்பில் சாயம் ஒட்டாது. துரு இருந்தால்தான் பட்டையின் துவர்ப்புச் சத்து அதைப் பற்றிக்கொள்ளும். அழிவின் தொடக்கமான துருவை அளவாக வரவழைத்து, அதையே காப்பாக மாற்றினார்கள். துரு தடித்துப் பொருக்காகிவிட்டால் வேலை கெட்டது. தேய்த்து மீண்டும் ஆரம்பிக்க வேண்டும்.

பிறகு சாயம். காட்டில் எது கிடைக்கிறதோ அது. கறுப்பு வால்நட் காயின் மேல்தோல், சுமாக் இலை, ஓக், மேப்பிள், ஹெம்லாக் பட்டைகள். ஹெம்லாக் பட்டை அதே நியூயார்க் மலைகளில் தோல் பதனிடவும் பயன்பட்டது. பொறிகளை அந்தச் சாற்றில் கொதிக்கவிட்டு, ஆறும்வரை இரவு முழுதும் அதிலேயே விட்டால் காலையில் கறுப்பாக வெளியே வரும். நம் கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து எழுத்து மை ஆகிறதே, அதே வேதிவினைதான். மேலும் துரு ஏறாது, பளபளப்பு போய்விடும், இரும்பில் காட்டு மரத்தின் வாடையும் ஏறும்.

கடையில் வாங்கியவர்கள் லாக்வுட் சீவலைத் தேடினார்கள். மெக்சிகோவின் கம்பெச்சே கரையில் வளரும் மரம் அது. அந்த மரத்துக்காகத்தான் ஆங்கிலேய மரவெட்டிகள் இன்றைய பெலீஸ் நாட்டில் குடியேறினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கை அவர்கள் அங்கே வெட்டிக்கொள்ள வழிவிட்டது. அந்த மரத்தின் வயிரத்திலுள்ள ஹெமடாக்சிலின் இரும்போடு சேர்ந்தால் கருநிறம். தொப்பிக்காரர்கள் பீவர் மயிர்க் கம்பளத்தைக் கறுப்பாக்கியதும் இதே லாக்வுட்டாலும் இரும்பு உப்பாலும்தான். தொப்பிக்கு நிறம் கொடுத்த மரமே பின்னாளில் பொறியையும் மறைத்தது என்பதை எந்த வணிக வரலாற்றிலும் நான் படித்ததில்லை. இன்றும் நம் மருத்துவமனைகளில் திசுப் பரிசோதனைக் கண்ணாடித் துண்டில் தெரியும் நீலம் அந்த ஹெமடாக்சிலின்தான்.

கடைசியாக மெழுகு. தேன்மெழுகையோ பாரஃபினையோ உருக்கி, பொறியை அதில் முக்கி, இரும்பும் மெழுகளவு சூடேறும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். குளிர்ந்த இரும்பை எடுத்தால் மெழுகு கட்டியாக ஒட்டி உதிரும். அதற்கப்புறம் வெறுங்கை படக்கூடாது. சுத்தமான கையுறை, புகையிலையும் அடுப்படியும் அண்டாத கொட்டகை. 1907இல் ஹார்டிங் வெளியிட்ட இரும்புப் பொறி, சுருக்குக் கண்ணி நூல்களின் காலத்தில் இதெல்லாம் வழக்கமாகப் பேசப்பட்ட சங்கதிகள்.

கண்ணிக்கு வேலை குறைவு. பித்தளைக் கம்பியை நெருப்பில் வாட்டினால் மினுக்கம் போகும், கம்பியும் இளகும். ஊசியிலைத் தழையால் உருவிவிட்டால் முடிந்தது.

இந்த அறிவை நான் மதிக்கிறேன். அதன் முடிவில் ஒரு விலங்கின் கால் இருக்கிறது என்பதையும் மறக்க முடியவில்லை. இரவு முழுக்க உயிரோடு பிடித்து வைக்கும் கருவி அது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசைகிறது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. பிரிட்டன் 1954இல் சட்டம் இயற்றி, 1958இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காலைக் கவ்வும் ஜின் பொறியை ஒழித்தது. ஐரோப்பிய நாடுகள் 1991 ஒழுங்குவிதியால் காலைக் கவ்வும் பொறிகளை விலக்கின. சரியான முடிவு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியது.

கனடாவின் வடபுலத்தில் பல்லாண்டு பொறி வைத்து, விலங்குகளின் வேதனையைக் கண்ட ஃபிராங்க் கோனிபியர் வேறு வழி தேடினார். உடலைச் சட்டத்துக்குள் அடித்து உடனே கொல்லும் அவருடைய பொறி 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. அதையும் சாயக் கொப்பரையில் கொதிக்க வைக்கிறார்கள். மெழுகு மட்டும் பூசுவதில்லை. மெழுகு பட்டால் விசை வழுக்கி, பொறியை வைப்பவன் கை உள்ளே இருக்கும்போதே அடித்துவிடும்.