மண்வெட்டி கடல் கடந்த கதை

ஏரி தூர்ந்துபோனால், அதன் தண்ணீர் பாயும் வயல்காரர்கள் கூடி இறங்கி மண் அள்ளுவது பழைய வழக்கம். இறங்குகிறவருக்கே பலன் என்பதால் அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. சொந்தக் காசில் விமானச் சீட்டு எடுத்து, முன்பின் தெரியாத நாட்டில் கடலாமை முட்டை எண்ணவோ புதர் வெட்டவோ போய், தங்கவும் சாப்பிடவும் தானே பணம் கட்டுவதற்கு மட்டும் காரணம் கேட்கத்தான் தோன்றுகிறது. இன்று ஆண்டுதோறும் எத்தனையோ பேர் இப்படிப் போகிறார்கள். காட்டையும் கடலையும் நேசித்த யாரோ தொடங்கிவைத்திருப்பார்கள் என்று நினைப்போம். உண்மையில் இதற்கு அடி போட்டவர்கள் போரை வெறுத்தவர்கள்.

முதல் உலகப்போர் முடிந்து ஏறக்குறைய இரண்டாண்டு ஆகியிருந்தது. 1920 கோடையில் நெதர்லாந்தின் பில்தோவன் நகரில் பல நாட்டுச் சமாதான ஆர்வலர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தீர்மானங்கள் நீண்டன. அந்தக் கூட்டத்தில் ஜெர்மானியர் ஒருவர், தன் சகோதரன் படைவீரனாக வட பிரான்சை அழித்தவர்களில் ஒருவன் என்றும், அங்கே போய்க் கட்டியெழுப்பும் வேலையில் சேரத் தான் தயார் என்றும் சொன்னார். அங்கிருந்த பியர் செரெசோலின் மனத்தில் அது தைத்தது. அவர் சுவிட்சர்லாந்துக்காரர், படித்தது பொறியியல். அவருடைய தந்தை அந்நாட்டின் தலைவராக இருந்தவர். மகனோ ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர்.

அந்த ஆண்டின் இறுதியிலேயே பிரான்சின் வெர்டூன் அருகே தரைமட்டமாகிக் கிடந்த ஒரு கிராமத்துக்குச் சிறு குழுவோடு போனார். முன்பு எதிரெதிர் அணியில் இருந்த நாடுகளின் ஆட்கள் அதில் இருந்தார்கள். தற்காலிக வீடுகள் எழுப்பினார்கள், சாலையைச் செப்பனிட்டார்கள், குண்டு பிளந்த நிலத்தைச் சமன்செய்தார்கள். சில மாதங்களில் எதிர்ப்பு கிளம்பியது. போரின் காயம் ஆறாத மண்ணில் ஜெர்மானியர் நிற்பதைப் பலரால் பொறுக்க முடியவில்லை. ஜெர்மானியரை மட்டும் அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்வதற்குப் பதிலாக, 1921 வசந்தத்தில் முகாமையே கலைத்தார்கள்.

முகாம் கலைந்தாலும் யோசனை நிலைத்தது. 1924-இல் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மூடிய பள்ளத்தாக்கு ஒன்றில் மீண்டும் மண்வெட்டி எடுத்தார்கள். 1927-இல் ரைன் நதி கரையை உடைத்துக்கொண்டு லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டுக்குள் புகுந்து, வயல்களைக் கல்லாலும் சேற்றாலும் நிரப்பிவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு சுமார் எழுநூறு பேர் பல நாடுகளிலிருந்து வந்து, முறைவைத்து அந்தக் கல்லை அள்ளினார்கள். பெண்களும் வந்தார்கள். அன்றைய வழக்கப்படி அவர்களுக்குக் கிடைத்தது சமையலும் துணி துவைப்பதும்தான்.

'சர்வதேசத் தன்னார்வச் சேவை' என்ற பெயரில் வளர்ந்த அந்த இயக்கம், 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு பீகாரின் முசாஃபர்பூர் வட்டாரத்துக்கும் வந்தது. செரெசோலே நேரில் வந்து வேலை செய்தார். கூலிக்கு வேலை செய்யும் உள்ளூர் ஆளின் பிழைப்பில் கை வைக்கக் கூடாது, வேறு யாராலும் செய்ய வாய்க்காத வேலையைத்தான் எடுக்க வேண்டும் என்பது இந்த இயக்கத்தின் கட்டுப்பாடு.

இதுவரை நடந்ததெல்லாம் மனிதருக்காக நிலத்தைச் சீர்செய்த வேலை. இயற்கைக்காகவே கத்தியும் அரிவாளும் எடுக்கும் பழக்கம் வர, இங்கிலாந்தில் முயல்கள் சாக வேண்டியிருந்தது. 1953-இல் அங்கே நுழைந்த மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய், சில ஆண்டுகளில் காட்டுமுயல்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் புல்லைக் குட்டையாக மேய்ந்து வைத்திருந்தவை அந்த முயல்கள்தான். ஆர்க்கிட் மலர்களும் நீலப் பட்டாம்பூச்சிகளும் வாழ்வது அந்தக் குட்டைப் புல்லை நம்பி. மேய ஆளில்லாமல் போனதும் புதர் ஏறி வெயிலை மறைத்தது. வேலி போட்டு, 'உள்ளே வராதே' என்று பலகை வைத்தால் இயற்கை தன்னைக் காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது. வெட்டினால்தான் காக்க முடியும் என்றானது. வெட்ட ஆள் வேண்டும், கூலிக்குப் பணம் இல்லை.

1959-இல் சர்ரே பகுதியின் பாக்ஸ் ஹில் குன்றில் 42 தன்னார்வலர்கள் கூடினார்கள். 'பாதுகாப்புப் படை' என்று புதிதாகத் தொடங்கிய அமைப்பின் முதல் வேலை அது. டாக்வுட் புதர்களை வெட்டி, புல்வெளிக்கும் ஜூனிப்பர் செடிக்கும் இடம் விட்டார்கள். பின்னாளில் தொலைக்காட்சியால் நாடறிந்த தாவரவியலாளரான டேவிட் பெல்லாமியும் அன்று புதர் வெட்டியவர்களில் ஒருவர்.

அதே காலத்தில் கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையில், டார்டுகேரோ என்ற இடத்தில், அமெரிக்க விலங்கியலாளர் ஆர்ச்சி கார் இரவு இரவாக நடந்துகொண்டிருந்தார். முட்டையிட வரும் பச்சைக் கடலாமைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று அன்று யாருக்கும் தெரியாது. 1955-இல் அவற்றுக்கு அடையாளமிடத் தொடங்கினார். ஓட்டில் கம்பியால் கட்டிய தகடுகள் நிலைக்கவில்லை, இணைசேரும்போது ஆண் ஆமைகள் உரசிப் பிய்த்துவிட்டன. மாட்டுக்குப் போடும் காது வில்லையை முன்துடுப்பில் பொருத்தியதும் அது நின்றது. வில்லையைத் திருப்பி அனுப்புகிறவருக்குப் பரிசுப் பணம் உண்டு என்று அதிலேயே பொறித்திருந்ததால், தொலைதூர மீனவர்களிடமிருந்தும் பதில் வந்தது. காரின் நூலைப் படித்து நெகிழ்ந்த ஒரு பதிப்பாளர் நண்பர்களைத் திரட்ட, 1959-இல் அந்தக் கடற்கரைக்கென்று ஓர் அமைப்பே உருவானது.

ஆனால் ஆமை ஆராய்ச்சி ஓரிரு பருவத்தில் முடிவதல்ல. ஒரு பெண் ஆமை இந்தக் கரைக்குத் திரும்பி வரவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். குஞ்சு வளர்ந்து தாயாக இன்னும் நெடுங்காலம். பல பத்தாண்டுகள் இரவுதோறும் கரையில் ஆள் நடக்க வேண்டும். காரின் மாணவர்கள் நடந்தார்கள், அவர்களால் மட்டும் முடியாது. அத்தனை காலத்துக்கு அரசு நிதியும் வராது. இந்த இக்கட்டில் மாட்டிக்கொண்ட ஆய்வாளர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

அதற்கு வழி காட்டியது 1971-இல் பாஸ்டன் அருகே தொடங்கிய ஒரு சிறு நிறுவனம். பின்னாளில் எர்த்வாட்ச் என்று பெயர் பெற்றது அதுதான். ஆய்வுக்கு ஆள் வேண்டும், பணமும் வேண்டும், இரண்டையும் ஒரே மனிதரிடம் வாங்கினால் என்ன என்பதே அதன் கணக்கு. விடுமுறையைக் கொஞ்சம் பயனுள்ளதாகக் கழிக்க விரும்பும் ஆசிரியரோ வங்கி ஊழியரோ பணம் கட்டுவார், அதில் ஒரு பகுதி ஆய்வுச் செலவுக்குப் போகும். ஆய்வாளரோடு இரண்டு வாரம் அவர் களத்தில் நிற்பார். செரெசோலின் முகாமுக்கு உழைப்பைத்தான் கொண்டுபோனார்கள். இங்கே உழைப்போடு கட்டணமும் சேர்ந்தது. இன்றைய வெளிநாட்டுத் தன்னார்வப் பயணத்தின் முழு வடிவம் அப்போதுதான் அமைந்தது.

டார்டுகேரோவும் காலப்போக்கில் தன்னார்வலருக்குத் திறந்தது. வேலை சொகுசானதல்ல. கறுப்பு உடை, விளக்கில்லாத நடை, மழை, காலை இடறும் மரக்கட்டைகள். ஆமை முட்டையிடத் தொடங்கும் வரை அசையாமல் காத்திருக்க வேண்டும், முன்பே நெருங்கினால் அது கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு நூறு சொச்சம் முட்டைகளை எண்ணி, ஓட்டை அளந்து, வில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த தடத்தைத் தேடி நடக்க வேண்டும். ஒரு காலத்தில் இதே கரையில் ஆமைகளைப் புரட்டிப்போட்டு விற்றவர்களின் ஊரில், இன்று பலருக்கு ஆமை பார்க்க வருகிறவர்களை அழைத்துப்போவதே தொழில். 1971-இலிருந்து 2003 வரை அங்கே கூடுகள் பல மடங்கு பெருகியதும், அண்மை ஆண்டுகளில் மீண்டும் சரிவதும் தெரிய வந்தது, ஓரிரு வாரம் வந்துபோனவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளும் அந்த நெடுங்கணக்கில் சேர்ந்ததால்தான்.

கட்டணம் நுழைந்த வழியாகவே களங்கமும் நுழைந்தது. பணம் கட்ட ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும், அவருக்காகவே வேலையை உருவாக்கும் இடங்கள் முளைத்தன. தென்னாப்பிரிக்காவின் சில சிங்கப் பண்ணைகள் இதில் மோசமானவை. பிறந்து சில நாளான குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, 'அநாதைக் குட்டிகள்' என்று சொல்லி, புட்டிப்பால் ஊட்டத் தன்னார்வலரிடம் பணம் வாங்கினார்கள். தாய் விரைவில் மீண்டும் ஈனும். வளர்ந்த சிங்கம் வேலிக்குள் வைத்துச் சுடுகிறவருக்கோ எலும்பு வியாபாரிக்கோ போகும். அந்நாட்டு அரசு அமைத்த குழுவே 2021-இல் இந்தக் கூண்டு வளர்ப்பை நிறுத்தச் சொன்னது. அங்கே புட்டி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நல்ல மனத்தோடு போனவர்கள்தான்.

ஆகவே நல்ல மனம் மட்டும் போதாது. தன்னார்வலர் வராவிட்டாலும் டார்டுகேரோவின் ஆமை கரையேறும், யாராவது எண்ணியே ஆக வேண்டும். வருகிறவர் நின்றுவிட்டால் பண்ணையில் புட்டிப்பால் குட்டிக்கே தேவை இராது. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது இதைத்தான்: நான் போகாவிட்டால் இந்த வேலை அங்கே மிச்சமிருக்குமா? இருக்கும் என்றால், அதை உள்ளூர்க்காரர் ஒருவர் கூலிக்குச் செய்ய முடியாதா? இரண்டு கேள்விக்கும் நேரான பதில் தரும் இடத்துக்குத் தாராளமாகப் போகலாம். மழுப்புகிற இடத்துக்கு விமானச் சீட்டு வீண்.