நீட்டிப்பு மேசை (ஷாப்ஸ்மித்)

நீட்டிப்பு மேசை என்பது ஷாப்ஸ்மித் மார்க் 5 எனப்படும் பல்பயன் மரவேலை இயந்திரத்தில், முதன்மை மேசைக்குப் பக்கத்தில் பொருத்தப்படும் சிறிய துணை மேசை ஆகும். முதன்மை மேசையின் எல்லையைத் தாண்டி நீளும் பலகையைத் தாங்குவது இதன் பணியாகும். இரு மேசைகளும் ஒரே தளத்தில் அமைந்தால் மட்டுமே இப்பணி நிறைவேறும். நீட்டிப்பு மேசை சீராக அமையாவிடில் வெட்டு பிழைபடுவதுடன், வேலை செய்பவருக்கு ஆபத்தும் நேரலாம்.

பின்னணி

ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் ஐக்கிய அமெரிக்காவில் வடிவமைத்த ஷாப்ஸ்மித் 10இ என்னும் இயந்திரம் 1947 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்த மார்க் 5, 1950களில் அறிமுகமானது. வட்ட ரம்பம், கடைசல் இயந்திரம், செங்குத்துத் துளையிடும் இயந்திரம், கிடைத்துளையிடும் இயந்திரம், வட்டத்தகட்டுத் தேய்ப்பான் ஆகிய ஐந்தின் வேலைகளையும் இதில் ஒரே மோட்டாரைக் கொண்டு செய்யலாம். இதனால் இடவசதி குறைந்த வீட்டுப் பட்டறைகளுக்கு இது ஏற்றதாக அமைந்தது. இதன் உரிமையை 1972 ஆம் ஆண்டில் வாங்கிய ஜான் ஃபோக்கர்த், ஒகைய்யோ மாநிலத்தின் டேட்டன் நகரில் உற்பத்தியை மீண்டும் தொடங்கினார்.

அமைப்பு

வழக்கமான மேசை ரம்பத்தில் மேசை நிலையாக இருக்கும். ரம்பத்தகடே உயர்த்தித் தாழ்த்தப்படும். மார்க் 5 இல் இது தலைகீழாக உள்ளது. ரம்பத்தகடு ஒரே உயரத்தில் சுழல, வெட்டின் ஆழத்திற்கு ஏற்ப மேசை உயர்த்தப்படும் அல்லது தாழ்த்தப்படும். சாய்வெட்டுக்கும் மேசையே சாய்க்கப்படும்.

நீட்டிப்பு மேசை இரு தாங்குகால்களின் மீது நிற்கிறது. இக்கால்கள் இயந்திரத்தின் முனையிலுள்ள துளைகளில் இறங்கி, பூட்டுத் திருகுகளால் இறுக்கப்படுகின்றன. முதன்மை மேசையின் உயரம் மாறும்போது நீட்டிப்பு மேசை தானாக உடன் நகர்வதில்லை. எனவே ஒவ்வொரு உயர மாற்றத்திற்குப் பின்னும் அதனை மீண்டும் அமைக்க வேண்டும். சாய்வெட்டின்போது இரு மேசைகளும் ஒரே தளத்தில் அமைவதில்லை.

சீரமைப்பின் தேவை

நீட்டிப்பு மேசை தாழ்ந்திருந்தால், நீண்ட பலகை தன் எடையால் முதன்மை மேசையின் விளிம்பில் சாயும். வெட்டு செங்கோணமாக அமையாது. வெட்டும்போது பலகை அசைந்தால் வெட்டுத்தடத்தில் ரம்பத்தகடு இறுகி, பலகை வேலை செய்பவரை நோக்கித் தூக்கி எறியப்படலாம். நீட்டிப்பு மேசை உயர்ந்திருந்தால், பலகை ரம்பத்திற்கு அருகில் மேசையிலிருந்து எழும்பி நிற்கும். பள்ளம் வெட்டும்போது அதன் ஆழம் சீராக அமையாது.

அகலமான பலகைகளை நீளவாக்கில் அறுக்கும்போது வழிகாட்டிச் சட்டத்தை நீட்டிப்பு மேசையின் மீதே பொருத்த நேரிடும். அப்போது இம்மேசை உயரத்தில் பொருந்தியிருப்பது மட்டும் போதாது. சட்டம் ரம்பத்தகட்டுக்கு இணையாக நிற்கும்படி மேசையின் திசையும் பொருந்தியிருக்க வேண்டும்.

சீரமைக்கும் முறை

முதன்மை மேசையே எல்லா அளவுகளுக்கும் அடிப்படையாகும். ஆகவே அதனைச் சரிசெய்யாமல் நீட்டிப்பு மேசையைத் தொடுவதில் பயனில்லை.

1. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.
2. ரம்பத்தகட்டின் ஒரு பல்லைக் குறித்துக்கொண்டு, மேசையின் காடியிலிருந்து அப்பல்லுக்குள்ள தொலைவை முன்புறத்தில் அளக்க வேண்டும். தகட்டைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்புறத்திற்குக் கொண்டுவந்து மீண்டும் அளக்க வேண்டும். இரு அளவுகளும் ஒன்றாக வரும்வரை மேசையைத் திருத்த வேண்டும்.
3. மூலைமட்டத்தைக் கொண்டு மேசை ரம்பத்தகட்டுக்குச் செங்குத்தாக உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும்.
4. வழிகாட்டிச் சட்டத்தைக் காடிக்கு இணையாக அமைக்க வேண்டும்.
5. முதன்மை மேசையை நீட்டிப்பு மேசைக்கு அருகில் நகர்த்திப் பூட்ட வேண்டும். நேரான சட்டம் ஒன்றை இரு மேசைகளுக்கும் குறுக்கே முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.
6. நீட்டிப்பு மேசையைத் தாங்குகால்களுடன் இணைக்கும் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, சட்டத்தின் அடியில் எங்கும் ஒளி தெரியாதவாறு மேசையைப் பொருத்த வேண்டும். தேவைப்படின் மெல்லிய தகட்டுத் துண்டுகளை இடையில் வைக்கலாம்.
7. திருகுகளைச் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்கி, இறுக்கிய பின் மீண்டும் சோதிக்க வேண்டும். இறுக்கும்போதே மேசை நகர்ந்துவிடுவது உண்டு.

பொதுவான பிழைகள்

இரு மேசைகளையும் ரசமட்டத்தால் தனித்தனியே சரிபார்ப்பது பரவலான பிழையாகும். இயந்திரம் நிற்கும் தரையே சாய்வாக இருக்கலாம். நீட்டிப்பு மேசை பொருந்த வேண்டியது முதன்மை மேசையுடன்தான், தரையுடன் அன்று.

ஒருமுறை சீரமைத்தால் போதும் எனக் கருதுவது மற்றொரு பிழையாகும். சாய்வையும் திசையையும் எப்போதாவது திருத்தினால் போதும். உயரத்தை மட்டும் வெட்டின் ஆழம் மாறும்போதெல்லாம் சரிபார்க்க வேண்டும். இதற்கு நேரான சட்டம் ஒன்றை இயந்திரத்தின் அருகிலேயே வைத்திருப்பது உதவும்.