பிக்கப் மேல கழற்றி மாட்டுற வீடு... அட்வான்ஸ் கொடுக்கும் முன் எடை மேடைக்குப் போங்க!

பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு பெட்டி. அதுக்குள்ள படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க். ஊர் வந்ததும் நாலு மூலை ஜாக்கியையும் இறக்கிப் பெட்டியை நிறுத்திட்டு, வண்டியை மட்டும் உருவிக்கிட்டுக் கிளம்பலாம். ரீல்ஸ்ல இந்த டிரக் கேம்பரைப் பார்த்துட்டு, 'புள்ளைங்களோட கம்பம் பள்ளத்தாக்கைச் சுத்தலாமே'ன்னு தோணுதா? ஆசை ஒண்ணும் புதுசில்லை. மாட்டு வண்டி மேல கூண்டை ஏத்திக் கட்டி, சட்டி பானையோட திருவிழாவுக்குப் போய், திரும்பினதும் கூண்டைக் கழற்றிட்டு எரு அடிச்சவங்கதான் நம்ம முன்னோர்.

தேனிப் பக்கம் அந்தக் 'கழற்றுற' வசதிதான் முக்கியம். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18. கனமான பெட்டியோட ஏறுறதைவிட இறங்குறதுதான் ஆபத்து. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா, சூடாகிப் பிடிக்காமலே போயிடலாம். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகப் பகுதி என்பதால், நினைச்ச இடத்துல நிறுத்தித் தூங்கவும் முடியாது. பெட்டியைக் கீழேயே தெரிஞ்சவங்க தோட்டத்துல இறக்கிட்டு, வெறும் வண்டியில மலையேறுங்க.

அதனால, பெட்டியோட உள் அலங்காரத்தைப் பார்க்கும் முன்னாடி எடையைக் கேளுங்க. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து காலி எடையைக் கழிச்சா வர்றதுதான் உங்க பட்ஜெட். உதாரணமா 1,000 கிலோன்னு வெச்சுக்குவோம். பெட்டி 450, நாலு பேர் 260, தண்ணீர் 80 லிட்டர்னா 80 கிலோ, சிலிண்டர், பாத்திரம், பாய் தலையணை 100. ஆச்சு, 890! மலை ரோட்டுக்கு இதுவே அதிகம்னு சொல்வேன். விக்கிறவர் சொல்ற கணக்கை நம்பாம, எல்லாத்தையும் ஏத்தி ஒரு தடவை எடை மேடையில நிறுத்திப் பாருங்க. தண்ணீர் டேங்க் தாழ்வாகவும், பின் அச்சுக்கு முன்னாலும் இருக்கணும். உயரத்தையும் கவனிங்க. ஆனி, ஆடியில் ஆண்டிபட்டிப் பக்கம் அடிக்கிற காற்று, உயரமான பெட்டியை ஆட்டிப் பார்த்துடும். தூங்கும்போது மட்டும் தூக்கிக்கிற கேன்வாஸ் கூரைன்னா எடையும் குறையும்.

குட்டியானை போதுமான்னு கேட்காதீங்க. அது முக்கால் டன் வண்டி, முன்னால டிரைவரோட இன்னொருத்தர்தான் உட்காரலாம். குழந்தைகளைப் பின்னால பெட்டிக்குள்ள உட்கார வெச்சு ஓட்டவே கூடாது. சரக்கு ஏத்துற இடத்துல ஆள் ஏத்துறது சட்டப்படி தப்பு. அதைவிட, அங்க சீட் பெல்ட்டும் இல்லை, திடீர் பிரேக் போட்டா பிடிச்சுக்கவும் ஒண்ணுமில்லை. ஆக, குடும்பத்துக்கு ரெண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் பிக்கப்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்துறதைத் தடுக்குது. பின்தளத்தை வெட்டி ஒட்டுற வேலை வேண்டாம். பெட்டி கட்டும் முன்னாடியே வரைபடத்தோட ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலயும் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்துல வாங்கிக்கோங்க. கழற்றவே வேண்டாம்னு நினைச்சா, கேரவனுக்குன்னே இருக்கிற ஏஐஎஸ்-124 தரச்சான்று வாங்கின வண்டியைப் பாருங்க.

பெட்டியைப் பிடிக்கிற கொக்கிகள் தளத்தின் தகரத்துல இல்லாம சேஸில மாட்டியிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும். மழை பெய்ஞ்ச தோட்ட மண்ணுல ஜாக்கி புதையும். அடியில போட நாலு பலகை எடுத்துக்கோங்க.

பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி, நீங்களும் வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ, ரெண்டே பேரா பட்டறையிலேயே பெட்டியை ஒரு தடவை இறக்கி, திரும்ப ஏத்திப் பாருங்க. பட்டறைப் பசங்க நாலு பேர் கை கொடுத்தாத்தான் முடியுதுன்னா, சின்ன பெட்டியாக் கேளுங்க.