லயத்து வாசலில் எழுந்த அரங்கு

கூத்துக் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் மன்னர் அவைகளையும் கோயில் மண்டபங்களையுமே நாடிச் செல்கின்றனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அரங்கத்தை அளந்து காட்டுகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் குடும்பம் முழுவதையும் அடைத்து வாழ்ந்த மக்களும் தமக்கென ஓர் அரங்கை எழுப்பினார்கள். லயத்து வாசலே அவ்வரங்கு. அதை அளந்து எழுதி வைக்க எந்த அடிகளும் வரவில்லை.

பண்டாரவளைக்கு இரயில் வந்தது 1894இல். பதுளையை எட்டியது 1924இல். இரயிலுக்கு முன்பே ஊவா மலைகளில் கோப்பி வந்துவிட்டது. கோப்பிக்காகத் தமிழ்த் தொழிலாளரும் வந்துவிட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னர் தேயிலை பரவியது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் எனப் பல சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆள்கட்டிக் கொண்டுவந்த இம்மக்கள், கடனைத் துண்டுச் சீட்டிலும் கலையை நெஞ்சிலுமாகச் சுமந்து வந்தனர். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. நெஞ்சில் சுமந்து வந்ததோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது.

அந்நாளைய தோட்டத்தின் காலைப்பொழுது தப்பொலியில் பிறந்தது. இருள் பிரியுமுன் பிரட்டுத் தப்பு முழங்கும். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கம்பளியைத் தலையில் போர்த்தி, படங்கை இடுப்பில் சுற்றிப் பெண்கள் கூடையோடு மலையேறுவர். ஆண்கள் கவ்வாத்துக்கும் முள்ளுக்குத்துக்கும் கான்வெட்டுக்கும் செல்வர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பகலெல்லாம் உடல் துரைக்கும் கங்காணிக்கும் உரியது. அந்தி சாய்ந்து இஸ்தோப்பில் குப்பி விளக்கு ஏற்றிய பின்னரே அது தனக்குரியதாயிற்று. காலையில் வேலைக்கு விரட்டிய அதே தப்பு இரவில் கூத்துக்கு அழைத்தது! ஒரே தோலிலிருந்து இரண்டு ஆணைகள் எழுந்தன. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என்று அவற்றைப் பிரித்தறியாத குழந்தை எந்த லயத்திலும் இருந்ததில்லை.

மலையகத்தில் மூன்று கூத்துகள் சிறப்புற்று விளங்கின. கொங்கு நாட்டு வீரக் கதையான பொன்னர் சங்கர், உயர்ந்த மரத்தில் படிப்படியாகப் பாடி ஏறும் அருச்சுனன் தபசு, மாசி மாதத்துக் காமன் கூத்து ஆகியனவே அவை. இவற்றுள் மக்களின் உள்ளத்தோடு இரண்டறக் கலந்தது காமன் கூத்தே எனலாம். புகாரிலே காமவேள் கோட்டத்தைத் தொழுதால் பிரிந்த கணவன் வருவான் என்று தேவந்தி கண்ணகிக்குச் சொன்னாள். கண்ணகி மறுத்தாள். அந்தப் பழைய காமவேளே கடல் கடந்து, தேயிலைச் சரிவிலே கரும்பும் ஆமணக்கும் வைக்கோற் புரியும் கொண்ட கம்பமாக நட்டு வைக்கப்பட்டான்.

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காப்புக் கட்டுவர். அன்று முதல் இரதியும் மதனும் விரதத்தில் இருப்பர். இரவுதோறும் ஆட்டம் வளர்ந்து, திருமணம் நடந்து, பௌர்ணமியை ஒட்டிய இரவில் கதை முற்றுகின்றது. சிவன் தவத்தில் ஆழ்ந்திருக்கிறான். தவத்தைக் கலைக்குமாறு இந்திரனின் ஓலையைத் தூதன் கொண்டு வருகிறான். தீய கனாக் கண்ட இரதி, போகவேண்டாம் என்று கணவனின் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். ஆயினும் மேலிடத்துக் கட்டளை. போகாதிருக்க மதனுக்கு உரிமை இல்லை. போகிறான், நெற்றிக்கண்ணால் எரிகிறான். இதைப் புராணம் என்று மட்டும் கொள்ளும் பண்டிதரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிறர் நலனுக்காக, பிறர் ஆணையால் அனுப்பப்பட்டு அழிகின்றவன் யார் என்பதைப் பனியில் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்த கூட்டம் நன்கறியும். இரதி அழும்போது பெண்கள் சேர்ந்து அழுதது மதனுக்காக மட்டும்தானா?

அந்த இரதியும் ஓர் ஆணே. பகலில் முள்ளு பிடித்துக் காய்த்த கைகளில் வளையல் ஏற்றி, ஒலிபெருக்கி இல்லாமல், எதிர் மலையின் லயத்துக்கும் கேட்கும் குரலில் விடியுமட்டும் புலம்பினான். புலம்பி முடித்துப் பிரட்டுக்கும் சென்றான். பெருங்கலைஞன் என்ற சொல்லுக்கு இதைவிட வேறு பொருள் வேண்டுமா? அவனுடைய பெயர் செக்ரோலில் உண்டு. வேலை செய்த நாள்கள் உண்டு, பிடித்த கடன் உண்டு. அவன் ஆடியதற்கு மட்டும் எந்த ஏட்டிலும் பதிவில்லை. கூத்து வாத்தியார் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்த பாட்டுகள் பல இடங்களில் அவரோடு மறைந்தன. சி. வி. வேலுப்பிள்ளை போன்ற சிலர் தோட்டத்து நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் ஒரு பகுதி தப்பியது.

பழமையைப் போற்றுகையில் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. தப்படித்த கலைஞன் இல்லாமல் கூத்தே இல்லை. ஆயினும் சாதி அவனைக் கோயில் வாசலுக்கு வெளியேதான் நிறுத்தியது. பெரிய கங்காணியின் பெருமைக்கும் கூத்து பயன்பட்டது. ஒப்பாரியையும் தாலாட்டையும் ஆக்கிய பெண்களுக்கு அரங்கில் இடமே இருக்கவில்லை.

அந்தத் தடையைப் பாட்டாலேயே உடைத்தவர் மீனாட்சி அம்மையார். அவருடைய கணவர் கோ. நடேசய்யர், தஞ்சையிலிருந்து வந்து தோட்டத் தொழிலாளர் இயக்கத்துக்கு வித்திட்டவர். அயலார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக வேடமிட்டுப் புகுந்தவர். வேடம் கட்டுதல் கூத்துக்கு மட்டும் உரியதன்று என்று அவர் காட்டினார் போலும்! அம்மையார் கூட்டங்களில் தொழிலாளர் துயரைப் பாட்டாகப் பாடினார். பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். நாட்டார் மெட்டில் உரிமையின் சொல் ஏறியது. 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தமக்கென ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தபோது, அந்த ஒற்றுமை வானத்திலிருந்து விழுந்ததன்று. இரவுகள்தோறும் ஒரே வாசலில் கூடி, ஒரே கதைக்கு அழுது பழகிய மக்கள் அவர்கள்.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். அவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. இரதி ஒரு பெட்டியில் போனாள். மதன் லயத்தில் நின்றான். தப்புக்காரன் போன தோட்டத்தில் உடுக்கை தனித்தது. கூத்து நலிந்ததற்கு சினிமாவையும் வானொலியையும் பழிப்பது எளிது; நானும் மாணவரிடம் அவற்றைக் குறை கூறுவதுண்டு. எனினும் ஆடுவோரையும் காண்போரையும் கடலுக்கு இருபுறமும் பிரித்துவைத்த காகிதத்தை முதலில் சொல்லவேண்டும்.

இன்றும் சில தோட்டங்களில் மாசியில் கம்பம் நடுகிறார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் விடுப்புப் பெற்று வந்து காப்புக் கட்டுகிறார்கள். பாட்டு முழுவதையும் அறிந்த முதியவர் திண்ணையில் அமர்ந்து அடியெடுத்துக் கொடுக்கிறார். இரதி வேடக்காரன் அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து மனப்பாடம் செய்கிறான்.