எல்லையில் நின்றவர்கள்: உள்நாட்டுப் போரும் மாத்தளைத் தமிழரும்

மாத்தளை மாவட்டம் இலங்கையின் மத்திய மாகாணத்தின் வட விளிம்பில் அமைந்தது. தெற்கில் இரத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளின் மலைத் தோட்டங்கள். வடக்கில் தம்புள்ளையின் வறண்ட சமவெளி. ஊடே கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி செல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளரும் தம்புள்ளை வழியாகவே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தனர். 1976இன் வட்டுக்கோட்டைத் தீர்மானம் கோரிய தமிழ்த் தனிநாட்டின் வரைபடத்தில் இம்மாவட்டம் இல்லை. எனினும் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இங்கிருந்த தமிழர் எல்லைப்புற மக்களாகவே வாழ நேர்ந்தது.

அத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழர் போரிலிருந்து விலகி நின்றனர் என்பது பரவலான கருத்து. விலகி நிற்பதற்கு முதலில் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் எல்லை மாநிலமான கென்டக்கி 1861 மே மாதம் நடுநிலையை அறிவித்தது. செப்டெம்பருக்குள் அந்த நிலைப்பாடு குலைந்தாலும், அதை அறிவிக்க ஒரு சட்டமன்றமும் ஆளுநரும் இருந்தனர். மாத்தளைத் தோட்டத் தொழிலாளருக்கோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வாக்குரிமைகூட எஞ்சவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1986இலும் 1988இலும் 2003இலும்தான் வந்தன. அதாவது, போர் தொடங்கியபோது எந்த அரசுக்கு விசுவாசமாக இருப்பது என்ற கேள்வியே பலருக்குப் பொருளற்றதாயிருந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரவையில் இணைந்தார். அம்மக்களுக்குக் கிடைத்த பேரம்பேசும் வலு அதுவே. தனிநாட்டுக் கோரிக்கைக்கு எதிரான தீர்ப்பாக அதை வாசிப்பது மிகை.

கால்கள் வேறு கதை சொல்கின்றன. 1972–75 காணிச் சீர்திருத்தம், அதே ஆண்டுகளின் பஞ்சம், 1977 வன்செயல் ஆகியவற்றின் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நகர்ந்தன. மூதாதையர் வந்த திசையிலேயே திரும்பிச் சென்றார்கள். காந்தியம் அமைப்பு அவர்களுக்குக் குடியேற்றங்கள் அமைக்க உதவியது. ஆனால் வன்னியின் கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேறியோர் 1984இல் வெளியேற்றப்பட்டு, அங்கு சிங்களக் கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 30இல் அக்கைதிகளில் பலர் புலிகளால் கொல்லப்பட்டனர். வன்னியில் வேரூன்றிய மலையகக் குடும்பங்கள் பல 2009 வரை போரின் உள்ளேயே சிக்கிக்கொண்டன.

மாத்தளையிலேயே இருந்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை. 1983 ஜூலையில் நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. 1987–89இல் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாம் கிளர்ச்சி மாவட்டத்தைப் பிளந்தது. ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்ற அவ்வியக்கத்தின் போதனையில் தோட்டத் தொழிலாளி இந்தியாவின் கையாள். படையினரின் கண்ணிலோ வடக்கின் உறவினன். அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது காணாமற்போனோர் பெரும்பாலும் சிங்கள இளைஞர் என்பதும் இங்கே பதிவாக வேண்டும். 2012 நவம்பரில் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றின் காலம் இன்றும் சர்ச்சைக்குரியது.

போரின் பிற்பகுதியில் வடக்கு நோக்கிய வீதிகளே எல்லையின் உருவம் கொண்டன. 2006 அக்டோபர் 16இல் தம்புள்ளைக்கும் ஹபரணைக்கும் இடையே திகம்பத்தனையில் கடற்படையினர் மீதான தாக்குதலில் ஏறக்குறைய நூறு பேர் மாண்டனர். 2008 பெப்ரவரி 2இல் தம்புள்ளையில் பேருந்துக் குண்டு பொதுமக்களைக் கொன்றது. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையின் தமிழ்ப் பெயரே கேள்விக்குப் போதுமானதாயிற்று. தோட்ட லயத்து இளைஞரும் யாழ்ப்பாணத்தவரும் அங்கே ஒரே வரிசையில் நின்றனர். வடக்கின் அரசியல் நீண்டகாலம் ஏற்க மறுத்த உறவை அந்த வரிசை கட்டாயமாக ஏற்படுத்தியது.

2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் சுமார் 4,84,000 பேரில் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் ஏறத்தாழச் சமமாக, தலா ஐந்து சதவீதமாகப் பதிவாயினர். தோட்டங்கள் நிறைந்த மாவட்டத்தில் இச்சமநிலை, இந்திய வம்சாவளியினர் பலர் தம்மை இலங்கைத் தமிழர் என எழுதிக்கொண்டிருக்கலாம் என்பதைச் சுட்டுகிறது.