தகட்டில் வெட்டிய மரையும் கொண்டுவந்து வைத்த மரையும்

அமெரிக்காவின் மஞ்சள் பள்ளிப் பேருந்துக்குள் ஏறி அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ரிவிட். கூரைத் தகடு ஒவ்வொன்றின் விளிம்பிலும், வளைந்து இறங்கும் விலா ஒவ்வொன்றின் மேலும் நெருக்க நெருக்கமாக ரிவிட் தலைகள். இத்தனை நெருக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம், 1977 ஏப்ரலில் அமலுக்கு வந்த 221ஆம் எண் பாதுகாப்பு விதி. பேருந்து உடலில் இரண்டு தகடுகள் சேரும் இடம், அவற்றில் வலுக்குறைந்த தகட்டின் இழுவலிமையில் 60 சதவீதத்தையாவது தாங்க வேண்டும் என்கிறது அது. விபத்தில் தகடுகள் பிரிந்து, அவற்றின் விளிம்புகள் குழந்தைகளை வெட்டிவிடக் கூடாது என்பது நோக்கம்.

பள்ளிகள் ஓட்டி முடித்து விற்றுவிடும் இந்தப் பேருந்துகளை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கிக்கொள்பவர்கள் அங்கே ஏராளம். ‘ஸ்கூலி’ என்று அதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு. உள்ளே புதிதாக வரும் அலமாரி, சுவர்ப்பலகை, சமையல் மேடை, கூரைமேல் சோலார் பலகை எல்லாவற்றையும் எஃகு உடலோடு எப்படியாவது பிணைக்க வேண்டும். ரிவிட் அடித்தால் திரும்பக் கழற்ற முடியாது. வெல்டிங் எல்லோருக்கும் கைவராது. போல்ட் போடலாம் என்றால் இடம் இல்லை: சுவருக்குள் நிற்கும் விலா, தொப்பி வடிவில் மடித்த தகடு, அதன் பின்பக்கத்தை வெளித்தோல் மூடியிருக்கிறது. நட்டைப் பிடிக்க அங்கே விரல் நுழையாது.

ஒரே பக்கத்திலிருந்து முடுக்கக்கூடியதாக ஏதாவது வேண்டும். அங்கேதான் இரண்டு பேர் போட்டிக்கு வருகிறார்கள். ஒன்று, முனையிலேயே டிரில் பிட் உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூ. மற்றது, துளைக்குள் நுழைந்து பின்பக்கம் பருத்து, மரையோடு நிலைத்து நின்றுவிடும் ரிவ்நட். எது வலுவானது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட, முடுக்கிய பிறகு மரை எங்கே இருக்கிறது என்று கேட்பது உபயோகமாக இருக்கும். ஸ்குரூ, பேருந்தின் தகட்டையே நட்டாக்கிக்கொள்கிறது. ரிவ்நட் தன் மரையைத் தானே கொண்டுவருகிறது.

முதலில் ஸ்குரூவின் கணக்கைப் பார்ப்போம். இந்த வேலையில் பரவலாகப் புழங்குவது எண் 12 ஸ்குரூ. தடிமன் சுமார் 5.5 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 14 மரை. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர் உள்ளே இறங்கும். 16 கேஜ் தகட்டின் கனமோ 1.5 மில்லிமீட்டர்தான். ஆக, அத்தனை பெரிய ஸ்குரூவில் தகட்டைப் பற்றியிருப்பது ஒரு முழுச் சுற்று மரைகூட இல்லை. மிச்சம் அத்தனையும் விலாவின் வெற்றிடத்தில் சும்மா நீட்டிக்கொண்டிருக்கிறது.

இருந்தாலும் அது பிடிக்கும். மெல்லிய எஃகுக் கட்டுமானத்துக்கு அமெரிக்காவில் பின்பற்றும் ஏ.ஐ.எஸ்.ஐ. எஸ்100 விதிநூலில் இதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது: தகட்டுக் கனத்தை ஸ்குரூவின் விட்டத்தாலும் எஃகின் இழுவலிமையாலும் பெருக்கி, 0.85ஆல் மறுபடி பெருக்கினால் பிடுங்கத் தேவையான விசை. 310 மெகாபாஸ்கல் எஃகு, 1.5 மில்லிமீட்டர் கனம் என்று போட்டால் சுமார் 2,170 நியூட்டன், அதாவது 220 கிலோ எடை. பாதுகாப்புக்காக அதை 3ஆல் வகுக்கச் சொல்கிறது விதிநூல். மிஞ்சுவது 74 கிலோ. அதே ஸ்குரூவை 0.9 மில்லிமீட்டர் வெளித்தோலில் அடித்தால் 44 கிலோவாக இறங்கிவிடும். ஸ்குரூவை மாற்றாமல் தகட்டை மட்டும் மாற்றினாலே பிடிமானம் இவ்வளவு குறைகிறது. ஸ்குரூவை விலாவில் அடி, தோலில் அடிக்காதே என்று அனுபவசாலிகள் சொல்வதன் பொருள் இந்த எண்களில் இருக்கிறது.

இந்தக் கணக்கு, மரை சிதையாமல் இருந்தால்தான் செல்லும். இம்பாக்ட் டிரைவரை வைத்து ‘டடடட’ என்று கடைசிவரை இறுக்குபவர் கையில் அது சிதைவது கண்ணிமைக்கும் நேரம். ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. பிடிப்பு ஏறக்குறைய பூஜ்யம். கிளட்ச் உள்ள சாதாரண டிரில்லை மெதுவான வேகத்தில் வைத்து, தலை பதிந்ததும் நிறுத்துவது நல்லது. ஸ்குரூவின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். பல பேருந்துகளில் சுவரின் ஆழம் ஒன்றரை அங்குலம் அளவுதான். இரண்டரை அங்குல ஸ்குரூவைத் துணிந்து இறக்கினால் மஞ்சள் பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

மரச்சட்டத்தை எஃகில் பிணைக்கும்போது இன்னொரு சிக்கல். ஸ்குரூவின் மரை மரத்துக்குள் விறுவிறுவென்று முன்னேறும். முனையோ எஃகை மெதுவாகத்தான் துளைக்கும். இரண்டு வேகமும் ஒத்துப்போகாததால் சட்டம் விலாவைவிட்டு மேலே எழும்பி நிற்கும், அல்லது முனை முறியும். இதற்கென்றே முனைக்கு மேலே இரண்டு சிறு இறக்கை வைத்த ஸ்குரூ கிடைக்கிறது. இறக்கைகள் மரத்தில் துளையை அகலப்படுத்திக்கொண்டே போய், எஃகைத் தொட்டதும் உடைந்து உதிர்ந்துவிடும். அதன் பிறகுதான் மரை எஃகைப் பிடிக்கும். எளிய யோசனை, ஆனால் கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காவிட்டால் இறக்கை இல்லாததுதான் கைக்கு வரும். வாங்கத் தவறினால், மரத்தில் மட்டும் முன்கூட்டியே அகலத் துளை போட்டுக்கொண்டாலும் போதும்.

ரிவ்நட்டின் பிறப்பே பிணைக்க முடியாத ஓர் இடத்தில்தான். 1930களில் விமான இறக்கையின் முன்விளிம்பில் பனி படியாமல் இருக்க ரப்பர் உறை மாட்ட வேண்டியிருந்தது. இறக்கைத் தகட்டின் பின்னால் கை போகாது. பி.எஃப். குட்ரிச் நிறுவனம் அதற்காகக் கண்ட வழி இது. மெல்லிய குழாய் போன்ற உடல், வெளியே ஒரு விளிம்பு, அடிப்பாதியில் மரை. கருவியால் மரைப்பகுதியை இழுத்தால், நடுவிலுள்ள மெல்லிய சுவர் தகட்டின் பின்னால் பருத்து மடங்கும். விளிம்புக்கும் மடிப்புக்கும் இடையே தகடு சிக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அங்கே முழுசாக ஐந்தாறு சுற்று மரை இருக்கிறது. சாதாரண எம்6 போல்ட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் முடுக்கலாம், கழற்றலாம்.

எல்லாம் சரி, துளை சரியாக இருந்தால். வழக்கமான எம்6 ரிவ்நட்டுக்கு 9 மில்லிமீட்டர் துளை வேண்டும். மெல்லிய தகட்டில் சாதாரண டிரில் பிட் வட்டமாகத் துளைக்காது; மூன்று முனை மழுங்கிய முக்கோணமாகப் பிய்த்து வைக்கும். அதில் ரிவ்நட் போட்டால் தளர்வாகத்தான் உட்காரும். படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்தான் இதற்குத் தோது. இழுக்கும் அளவும் முக்கியம். போதாமல் இழுத்தால் பிடிக்காது. மிதமிஞ்சி இழுத்தால் மரை நீண்டு, போல்ட் பாதியில் சிக்கும். பேருந்தில் கைவைக்கும் முன் அதே கனமுள்ள கழிவுத் தகட்டில் சிலவற்றைப் போட்டுப் பழகுவது வீண் வேலை ஆகாது; பிடுங்கிப்போட்ட உட்கூரைத் தகடு எப்படியும் வாசலில் கிடக்கும்.

ரிவ்நட்டின் பெரிய வியாதி, போல்ட்டோடு சேர்ந்து தானும் சுற்றுவது. ஸ்குரூ தோற்றால் அரை அங்குலம் தள்ளி இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். ரிவ்நட் சுற்ற ஆரம்பித்தால் போல்ட்டும் வராது, நட்டும் வராது. விளிம்பைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும், உடைந்த வால் விலாவுக்குள் விழுந்து வாகனம் ஓடும்போதெல்லாம் கலகலக்கும். வரிவரியாகச் செதுக்கிய உடல் கொண்டவை வழவழப்பானவற்றைவிடக் குறைவாகச் சுற்றும். பின்னால் நான்கு கால்களாக விரியும் பிளஸ்நட் மெல்லிய தகட்டுக்கு இன்னும் மேல். அலுமினிய ரிவ்நட்டை எஃகு உடலில் போடுவதை, அதுவும் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில், நான் பரிந்துரைக்க மாட்டேன். இரு உலோகமும் உப்பீரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். ஸ்டெயின்லெஸ் நட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஆபத்து. இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிப்போகும். கழற்ற முயன்றால் சுற்றப்போவது நட். துத்தநாகப் பூச்சுள்ள எஃகு உள்வேலைக்குப் போதும்.

இனி அதிர்வு. வீட்டுச்சுவரில் அடித்த ஸ்குரூவுக்கு இல்லாத சோதனை இது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் நிரூபித்தது: மரையைக் கழற்றுவது மேலும் கீழுமான ஆட்டத்தைவிட, பிணைத்த இரு பொருள்களும் ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்குவதுதான். அந்த வழுக்கலைத் தடுப்பது போல்ட்டின் இழுவிசை. போல்ட் சற்றே நீண்டு ஸ்பிரிங்காக நின்றால்தான் இழுவிசை இருக்கும். ஒற்றை மரையில் தொங்கும் ஸ்குரூவுக்கு அப்படி நீள வாய்ப்பே இல்லை. ரிவ்நட்டில் ஓரளவு உண்டு. நடுவில் மரம் இருந்தால் அதுவும் போய்விடும், ஏனென்றால் மரம் காய்ந்து சுருங்கும்போது இறுக்கமும் சேர்ந்து சுருங்குகிறது. ஸ்பிரிங் வாஷர் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நாசாவின் 1990ஆம் ஆண்டுக் கையேட்டைப் பார்க்கலாம். முழுக்க இறுகித் தட்டையான பிறகு அது பூட்டும் வேலைக்குப் பயன்படாது என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. நீல நிற மரைப்பசை இரண்டு சொட்டு அதைவிட மேல். சிவப்புப் பசை வேண்டாம். அதை இளக்க 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு காட்ட வேண்டும், ரிவ்நட்டோ அதற்கு முன்பே சுற்றிவிடும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ரிவ்நட்தானா? இல்லை. சுவர்ப்பலகைக்குப் பின்னால் விலாவோடு ஒட்டி நிற்கும் மரச்சட்டத்துக்கு ஸ்குரூதான் சரி. வீடு இருக்கும்வரை அதை யாரும் கழற்றப்போவதில்லை. ஒரு சட்டத்தில் பல ஸ்குரூ இறங்குவதால் ஒன்று தோற்றாலும் கேடில்லை. அங்கே ஸ்குரூவுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. அதன் தலை சட்டத்திலேயே புதைந்துவிடுகிறது. பலகையை அதன்மேல் தனியாக மரத்தில் முடுக்குவோம். எஃகின் வெப்பக்கடத்தல் மரத்தைப் போல நானூறு மடங்கு. பலகையை நேரே விலாவோடு ரிவ்நட்டில் போல்ட் போட்டால், மின்னசோட்டாவின் ஜனவரிக் குளிர் போல்ட் வழியாகவே படுக்கையறைக்குள் வந்து, அதன் தலையில் நீர்த்துளியாக வியர்க்கும்.

கழற்ற வேண்டியிருக்கும் இடங்கள் வேறு: மின்கம்பிகளை மூடும் பலகை, தண்ணீர்ப் பம்புக்கு எதிரே உள்ள தடுப்பு, பேட்டரிப் பெட்டியின் மூடி, எஞ்சினை எட்ட உதவும் தரைப்பலகை. இவை ரிவ்நட்டின் ராஜ்யம். ஆனால் நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். ஆரம்ப உற்சாகத்தில் புதுக் கருவியோடு சட்டங்களுக்கெல்லாம் ரிவ்நட் போட்டுக் களைத்துப்போய், கடைசியில் வரும் மூடிகளுக்கு ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என்று ஸ்குரூ அடிக்கிறார்கள். மூன்றாம் முறை கழற்றும்போது துளை லொடலொடவென்று ஆகிவிடும். அப்போது எண் 14 ஸ்குரூ தேடுவார்கள். அதுவும் தளர்ந்தால் அதற்கு மேல் போகப் போக்கிடம் இல்லை.

கூரைமேல் சோலார் பலகைக்கு வரும்போது சண்டை சூடு பிடிக்கிறது. மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 44 கிலோ. இரண்டு சதுர மீட்டர் பலகையின் அடியில் அது அத்தனையும் புகுந்து தூக்கினால் 88 கிலோ. எதிர்க்காற்று இன்னும் 32 கிலோமீட்டர் சேர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 80 சதவீதம் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவது. நான்கு ஸ்குரூ தோலில் அடித்திருந்தாலும் எண்கள் கட்டுப்படியாகிவிடுகின்றன. ஆனால் எண்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. பலகையைத் தாங்கும் அலுமினியத் தண்டவாளம், வெயிலில் எஃகைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீள்கிறது. நான்கு மீட்டர் தண்டவாளம், இரவு பகலுக்கிடையே 50 டிகிரி வித்தியாசம் என்றால் கூரைக்கும் அதற்கும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகல். நாள்தோறும் இப்படி முன்னும் பின்னும் வழுக்குவது யுங்கர் சொன்ன அதே பக்கவாட்டு அசைவு. ஒற்றை மரை பிடித்த துளையை அது அரைத்து அகலமாக்கி, ஒரு மழைக்காலத்தில் ஒழுக வைத்துவிடும்.

ஆகவே அங்கே நான் நிற்பது ரிவ்நட் பக்கம்: விலாவின் மேலேயே, அடிப்பக்கம் மூடிய வகை, விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப், தண்டவாளத்தில் நீள்துளை. சாதாரண ரிவ்நட் அடியில் திறந்திருப்பதால் மரை வழியாகவே நீர் இறங்கும். ஸ்குரூவுக்கும் கூரைக்கென்று ரப்பர் வாஷர் ஒட்டிய வகை உண்டு. அது தகரக்கொட்டகைக்கு அருமையான பொருள். கொட்டகை ஊர் ஊராக ஓடாது. எந்த வகையானாலும் துளையிட்ட எஃகுத் துருவல்களை அன்றைக்கே பெருக்கி எடுத்துவிட வேண்டும். ஓர் இரவுப் பனியில் அவை கூரையெங்கும் செம்புள்ளி வைத்துவிடும்.

இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் இருக்கின்றன. நூறு காலன் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 378 கிலோ. சடன் பிரேக்கில் அந்த எடையின் பெரும்பங்கு முன்னோக்கித் தள்ளும். அதைவிடக் கடுமையானது, ஓடும் வண்டியில் ஆள் உட்காரும் புதிய இருக்கை. இடுப்புப் பட்டையின் பிடிப்புக்கு அமெரிக்காவின் 210ஆம் எண் விதி கேட்பது 5,000 பவுண்டு விசை, சுமார் 2,270 கிலோ எடை. எண் 12 ஸ்குரூவின் 74 கிலோ அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. எம்6 ரிவ்நட்டும் தகட்டைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். இங்கே தரையை ஊடுருவிக் கீழே போகும் போல்ட், அடியில் விசையைப் பரப்பும் கனத்த எஃகுப் பட்டை, நைலான் வளையம் வைத்த நட். இருக்கைப் பட்டைகளுக்கு அங்கே வழக்கமாக வரும் 7/16 அங்குலப் போல்ட்டை மலிவு விலைக் கலவைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், தலையில் கிரேடு 8க்கான ஆறு கோடுகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். துளை போடும் முன் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் தொட்டியும் பிரேக்கின் காற்றுக் குழாயும் அந்த இடத்துக்கு நேர் கீழே இல்லை என்று குரல் கொடுத்த பிறகே டிரில்லை முடுக்கலாம்.